கிபாலே காட்டுல சிம்பன்சி பாக்கப் போறீங்களா? கெடைக்கற ஒரு மணி நேரத்த வீணாக்காம இருக்க

உகாண்டாவுல கிபாலே காட்டுக்குப் போனா, சிம்பன்சிங்கள கண்டுபிடிச்ச நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம்தான் கூட நிக்க விடுவாங்க, அவ்ளோதான். பெர்மிட்டுக்கு மட்டுமே 200 டாலருக்கு மேல கட்டி, கம்பாலால இருந்து 300 கிலோமீட்டர் வண்டில வந்து, ஃபோர்ட் போர்ட்டல்ல ராத்திரி தங்கி, விடியக்காலைல எழுந்து போய், கடைசில பாதிப் பேர் என்ன பண்றாங்கன்னா ஃபோன தலைக்கு மேல தூக்கி ஜூம் பண்ணி மரத்து மேல கறுப்பா ஒரு உருண்டைய வீடியோ எடுத்துட்டு திரும்பிடறாங்க. "பாத்தோம், சூப்பரா இருந்துச்சு." அது ஆணா பொண்ணா, எதுக்கு கத்துச்சு, ஏன் அந்த பெருசு வந்ததும் மத்ததெல்லாம் எழுந்து நின்னுச்சு, எதுவும் தெரியாது. படம் பாக்கப் போய் மொழி தெரியாம உக்காந்துட்டு வர்ற கதைதான். கொஞ்சம் முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு போனா அதே ஒரு மணி நேரம் வேற மாதிரி இருக்கும், அதுக்குத்தான் இத எழுதறேன்.

ஏன் கிபாலேன்னு கேட்டா, பாக்கற வாய்ப்பு நல்லா இருக்கற எடம். 800 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியான காடு, 13 வகை குரங்கினம், அதுல ஆயிரத்துக்கும் மேல சிம்பன்சி. கன்யாவாரான்னு ஒரு பகுதில ரிச்சர்ட் ராங்கம் 1987ல ஆராய்ச்சி ஆரம்பிச்சாரு, என்கோகோன்னு இன்னொரு பகுதில டேவிட் வாட்ஸும் ஜான் மிட்டானியும் 1995ல இருந்து. இந்த ரெண்டு எடத்துல இருந்து வந்த விஷயங்கதான் நீங்க அங்க நின்னு பாக்கறதுக்கு அர்த்தம் சொல்லும். சுற்றுலாக்காரங்கள கூட்டிட்டுப் போறது கன்யாஞ்சுங்கற பகுதில, அங்க இருக்கறது வேற கூட்டம், ஆனா பழக்கவழக்கம் பெருசா மாறாது.

கிளம்பறதுக்கு முன்னாடி

பெர்மிட் உகாண்டா வனவிலங்கு ஆணையத்துகிட்ட நேரா வாங்கலாம், இல்ல டூர்காரங்க வழியா. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மழை கம்மி, அப்போ கூட்டமும் ஜாஸ்தி, அதனால சீக்கிரமே புக் பண்ணிடுங்க. கம்பாலால வேலைக்கு இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஒரு டிப், வெளிநாட்டுக்காரங்க அங்கயே குடியிருந்தா பெர்மிட் ரேட் கம்மி, குடியிருக்கற அத்தாட்சி பேப்பர கைல வச்சுக்கோங்க. இங்கேருந்து போறவங்க மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி கார்ட மறக்காதீங்க, என்டெப்பே ஏர்போர்ட்லயே கேப்பாங்க.

முழுக்கை சட்டை, முழு பேண்ட், பேண்ட்டு நுனிய சாக்ஸுக்குள்ள சொருகிடணும். பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல. அந்தக் காட்டுத் தரைல சியாஃபுன்னு சொல்ற படை எறும்பு வரிசையா போகும், தெரியாம வரிசைல கால வச்சு நின்னுட்டீங்கன்னா தொடை வரைக்கும் ஏறி கடிச்சுட்டுதான் விடும். காஞ்சொறி வேற இடுப்பு உயரத்துக்கு நிக்கும். பளிச்சுன்னு மஞ்சள், ஆரஞ்சு கலர் வேணாம், காட்டுப் பச்சை, பிரவுன்னு மங்கலா போட்டுக்கோங்க. காஞ்ச சீசன்னு நம்பி ரெயின்கோட்ட விட்டுட்டுப் போகாதீங்க, மழைக்காடு அது.

இப்போ முக்கியமான ஒண்ணு. சளி, இருமல், காய்ச்சல், வயித்துப்போக்கு எது இருந்தாலும் போகாதீங்க. காசு போனாலும் பரவால்லன்னு சொல்றேன். மாஸ்க் போடணும், 10 மீட்டர் தள்ளி நிக்கணும், காட்டுக்குள்ள எச்சி துப்பக் கூடாது, சாப்பாடு பிரிக்கக் கூடாதுன்னு ரேஞ்சர் வரிசையா சொல்லும்போது ஏதோ சடங்குக்கு சொல்றாருன்னு நெனச்சுடாதீங்க. 2013ல கன்யாவாரா கூட்டத்துல 56 சிம்பன்சி இருந்துச்சு, நமக்கு சாதாரண ஜலதோஷம் கொடுக்கற ரைனோவைரஸ் சி அதுங்ககிட்ட பரவி 5 செத்துப்போச்சு. 2016 கடைசில, 2017 ஆரம்பத்துல என்கோகோல இன்னொரு மனுஷ வைரஸ், மெட்டாநியூமோவைரஸ், 25 சிம்பன்சி காலி. நமக்கு மூணு நாள் மூக்கொழுகல், அதுங்களுக்கு எழவு. இதோட கணக்கு புரியணும்னா இத பாருங்க, ஒரு பொண்ணு சிம்பன்சி முதல் குட்டி போடவே 13, 14 வயசு ஆயிடும், எட்டு மாசம் வயித்துல, அப்புறம் நாலு அஞ்சு வருஷம் பால் குடுக்கும், அடுத்த குட்டிக்கு அஞ்சு ஆறு வருஷ இடைவெளி. 25 போனா அத ஈடுகட்ட எத்தன வருஷம் ஆகும்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க.

கண்டுபிடிக்கறது கண்ணால இல்ல, காதால

காலைல கன்யாஞ்சுல ஒரு ரேஞ்சருக்கு 6 பேர் வரைக்கும் பிரிச்சு விடுவாங்க. ரேஞ்சர் கைல துப்பாக்கி இருக்கும், சிம்பன்சிக்காக இல்ல, அந்தக் காட்டுல யானை உண்டு.

நடக்க ஆரம்பிச்சதும் பேச்ச நிறுத்துங்க. அடர்த்தியான காட்டுல 20 மீட்டருக்கு மேல எதுவும் தெரியாது, ஆனா சிம்பன்சி சத்தம் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் கேக்கும். மெதுவா "ஹூ... ஹூ..."ன்னு ஆரம்பிக்கும், மூச்ச உள்ள இழுத்து வெளிய விட்டு வேகம் கூடிக்கிட்டே போய் கடைசில அலறலா முடியும். ஒண்ணு ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கறதும் சேந்துக்கும், தூரத்துல இருந்து இன்னொரு செட்டு பதில் குடுக்கும். நடுவுல "டும் டும் டும்"னு ஒரு சத்தம் கேட்டா யாரோ மரம் வெட்டறாங்கன்னு நெனைக்காதீங்க, பெரிய மரத்தோட பலகை வேர ஆண் சிம்பன்சி கையாலயும் காலாலயும் அடிக்கறது அது. நான் இங்க இருக்கேன், இந்தப் பக்கம் போறேன்னு மத்ததுங்களுக்கு அது தகவல்.

இவ்ளோ தூரம் கத்திக்கிட்டு பேசறதுக்குக் காரணம் இருக்கு. நம்மூர் நாட்டுக் குரங்கு மாதிரி மொத்தக் கூட்டமும் ஒண்ணா ஒரே எடத்துல சுத்தறதில்ல. ஒரு கூட்டத்துல 50, 100ன்னு இருக்கும், என்கோகோல 200 வரைக்கும் போச்சு, உலகத்துலயே தெரிஞ்சதுல பெரிய கூட்டம் அதுதான். ஆனா எந்த நேரத்துலயும் எல்லாம் சேந்து இருக்காது. மூணு, அஞ்சு, பத்துன்னு சின்ன சின்ன செட்டா பிரிஞ்சு திரியும், பழம் நெறைய இருக்கற மரம் கெடச்சா சேரும், இல்லன்னா மறுபடி பிரியும். குட்டி வச்சிருக்கற அம்மா பல நாள் குட்டிகளோட தனியாவே மேஞ்சுக்கிட்டு இருக்கும். அதனால "கூட்டத்த பாக்கணும்"னு ஆசைப்பட்டு போய் நாலே நாலு பாத்துட்டு வந்தா ஏமாத்திட்டாங்கன்னு சண்ட போடாதீங்க. பெரிய அத்தி மரம் ஏதாவது பழுத்திருந்தா அன்னிக்கு உங்களுக்கு யோகம், முப்பது கூட பாக்கலாம்.

தரையயும் பாத்துக்கிட்டே நடங்க. மென்னு சாறு உறிஞ்சிட்டு துப்பின பழச் சக்கை, கீழ் உதடும் பல்லும் அழுத்தின தடத்தோட உருண்டையா கெடக்கும். ஈரமா இருந்தா பக்கத்துலதான் இருக்கு. ஈர மண்ணுல நாலு விரல் முட்டி பதிஞ்சிருக்கும், விரல உள்பக்கம் மடக்கி முட்டிய ஊணி நடக்கற பழக்கம் அதுங்களுக்கு. அப்புறம் மேல பாத்தா மரக்கிளைல எல குவிச்சு வச்ச மாதிரி தெரியும், அது ராத்திரி கூடு. பால்குடி மறந்த எல்லா சிம்பன்சியும் தினமும் சாயந்தரம் அஞ்சு நிமிஷம் போல ஆகும், கிளைய வளச்சு பின்னி படுக்கை போட்டுக்கும், பெரும்பாலும் ஒரு ராத்திரிக்கு ஒண்ணு. மரத்தையும் சும்மா எடுக்காது. உகாண்டாவோட டோரோ செம்லிகி காட்டுல எண்ணிப் பாத்ததுல, மொத்த மரத்துல பத்துல ஒண்ணு கூட இல்லாத ஒரு இரும்பு மரத்துலதான் முக்கால்வாசி கூடு இருந்துச்சு, கிளை கெட்டி, இல நெருக்கம், படுத்தா ஆடாது. முந்தின நாள் சாயந்தரம் எங்க கூடு போட்டுதுங்கன்னு ரேஞ்சருங்க பாத்து வச்சுக்கிட்டுதான் காலைல அங்கேருந்து தேட ஆரம்பிப்பாங்க. அதனால காலை ஷிஃப்ட் நல்லதுன்னு என் கருத்து, மதியம் போனவங்களும் நல்லா பாத்துட்டு வந்திருக்காங்க, மதிய நேரம் தரைல இறங்கி ஓய்வெடுத்துக்கிட்டு இருக்கும், கிட்டத்துல பாக்கலாம்.

இன்னொரு விஷயம், சிம்பன்சி ஓடணும்னா மரத்துக்கு மரம் தாவி ஓடாது. கீழ இறங்கி தரைலதான் போகும். மேல இலை அசஞ்சு அசஞ்சு தாவிட்டுப் போனா அது வேற குரங்கு. மரத்து மேல இருக்கறது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். ஒண்ணு மெதுவா கீழ இறங்க ஆரம்பிச்சா கிளம்பப் போகுதுன்னு அர்த்தம், ரேஞ்சர் பக்கத்துல நகந்து நில்லுங்க, அப்புறம் ஓட்டமும் நடையுமாத்தான் பின்னாடி போகணும். நேரா மரத்துக்கு அடில நின்னு அண்ணாந்து பாக்காதீங்க, காரணம் சொல்லத் தேவையில்ல.

யாரு யாருன்னு பிரிச்சு பாருங்க

மொதல்ல வயசு. முகம் வெளுப்பா, பின்பக்கம் வெள்ளையா ஒரு முடிக் கொத்து இருந்தா குட்டி. அந்த வெள்ளக் கொத்து இருக்கற வரைக்கும் பெருசுங்க ரொம்ப பொறுத்துப் போகும், சோறு திங்கற கைய இழுத்தாலும் விட்டுடும். வளர வளர முகம் கறுத்து, கொத்து மறஞ்சிடும். பெரிய ஆண் 40 கிலோ சுத்தி இருக்கும், பொண்ணு அதவிட கொஞ்சம் கம்மி. 40 கிலோதானேன்னு நெனைக்காதீங்க, தசைக்கு தசை கணக்கு போட்டா நம்மள விட ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு பலம். வயசான ஒண்ணுன்னா முதுகு நரச்சிருக்கும், முன் மண்டை சொட்டையா இருக்கும். 50 தாண்டின கிழவிங்களும் என்கோகோல உண்டு, அதுங்களுக்கு நம்ம பொம்பளைங்களுக்கு வர்ற மாதிரி மாதவிடாய் நின்னு போறது உண்டுன்னு 2023ல கண்டுபிடிச்சாங்க, குட்டி போடறது நின்னும் பல வருஷம் வாழுதுங்க.

சில பொண்ணுங்களுக்கு பின்பக்கம் ரோஸ் கலர்ல பெருசா வீங்கியிருக்கும். ஏதோ கட்டி, நோய்னு நெறைய பேர் பரிதாபப்படறத பாத்திருக்கேன். நோயெல்லாம் இல்ல, சினைக்குத் தயாரா இருக்கற நாளுன்னு அர்த்தம். அது போற எடத்துக்கெல்லாம் ஆணுங்க பின்னாடியே போகும், அதனால அந்த மாதிரி ஒண்ணு இருக்கற செட்டு பெருசா, சத்தமா, அடிதடியா இருக்கும். அப்படி ஒரு செட்டு கெடச்சா ஃபோன உள்ள வச்சுட்டு பாருங்க, நாடகம் நடக்கும்.

இங்க ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. நம்மூர் நாட்டுக் குரங்குல பொண்ணுங்க பொறந்த கூட்டத்துலயே இருக்கும், ஆணு வயசு வந்ததும் வெளிய போயிடும். சிம்பன்சில தலைகீழ். ஆணு சாகற வரைக்கும் பொறந்த எடம், பொண்ணு பத்து பதிமூணு வயசுல பக்கத்து கூட்டத்துக்குப் போயிடும். நீங்க பாக்கற ஆணுங்க எல்லாம் சின்ன வயசுல இருந்தே ஒண்ணா வளந்ததுங்க, அண்ணன் தம்பி, கூட்டாளி, பழைய எதிரின்னு எல்லாம் அதுக்குள்ளயே. இது தெரிஞ்சா அதுங்க நடுவுல நடக்கற அரசியல் புரியும்.

முடி, முனகல், பல்லு

சிம்பன்சிய படிக்கறதுக்கு இந்த மூணும் போதும்னு சொல்லுவேன்.

முடி உடம்பெல்லாம் சிலிர்த்து நின்னு ஆளே ரெண்டு மடங்கு பெருசா தெரிஞ்சா, இன்னும் கொஞ்ச நேரத்துல ஏதோ நடக்கப் போகுது. பெரும்பாலும் ஒரு ஆண் பவுசு காட்டப் போகுது. உடம்ப ஆட்டும், கிளைய உடைக்கும், இழுத்துக்கிட்டு ஓடும், கல்ல உருட்டும், வேர அடிக்கும். மழை வரும்போது கூட சிலது இந்த மாதிரி ஆடும், ஏன்னு யாருக்கும் சரியா புரியல.

முனகல்னு சொல்றது, "ஹ-ஹ-ஹ"ன்னு மூச்சு வாங்கற மாதிரி வேகமா ஒரு சத்தம், குனிஞ்சுக்கிட்டு பெருசு பக்கத்துல போய் போடும். ஊர்ப் பெரியவர் வந்தா தோள்ல இருக்கற துண்டு இடுப்புக்கு இறங்கற மாதிரிதான் இது. யாரு யாருக்கு முனகறாங்கன்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க, கால் மணி நேரத்துல யாரு தலைவன், யாரு ரெண்டாவதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், ரேஞ்சர்கிட்ட கேட்டு சரியான்னு பாத்துக்கோங்க, அந்த ஒரு மணி நேரத்துலயே இதுதான் எனக்கு புடிச்ச விளையாட்டு. தலைவன் மட்டும் யாருக்கும் முனகாது. உடம்புல பெருசா இருக்கறதுதான் தலைவன்னு இல்ல, கூட நிக்கறதுக்கு கூட்டாளி இருக்கறவன்தான்.

பல்லு. டிவி விளம்பரத்துல பல்ல ஈனு காட்டற சிம்பன்சி சிரிக்கல, பயந்து போயிருக்கு. மேல் பல்லு கீழ் பல்லு ரெண்டும் தெரிய உதட்ட இழுத்தா பயம், இல்ல பணிவு. நெஜமா விளையாட்டு சிரிப்புன்னா வாய தளர்வா திறந்து கீழ் பல்லு மட்டும் தெரியும், கரகரன்னு மூச்சுச் சத்தம் வரும், குட்டிங்க ஒண்ண ஒண்ணு கிச்சுகிச்சு மூட்டும்போது கேக்கலாம்.

அப்புறம் பேன் பாக்கறது. ஓய்வு நேரத்துல மணிக்கணக்கா ஓடும். பேனு எடுக்கறது சாக்கு, உறவ பேணறதுதான் வேல. சண்ட போட்ட ரெண்டு பேர் கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தர் முதுக ஒருத்தர் நோண்டிக்கிட்டு இருந்தா சமாதானம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். கிபாலேல ஒரு ஸ்பெஷல் இருக்கு, கவனிங்க. ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து ஆளுக்கொரு கைய தலைக்கு மேல தூக்கி கோத்துக்கிட்டு, அடுத்த கையால மத்தவரோட அக்குள்ல பேன் பாக்கும். தான்சானியாவோட மஹாலேலயும் இது உண்டு, ஆனா அதே டாங்கனிகா ஏரிக் கரைல இருக்கற கோம்பேல கெடையாது. ஒரே இனம்தான், பக்கத்து ஊர்தான், ஆனா பழக்கம் வேற.

இதனாலதான் இன்னொரு எதிர்பார்ப்ப வீட்லயே வச்சுட்டு வாங்கன்னு சொல்றேன். புத்துல குச்சி விட்டு கறையான் புடிக்கற காட்சி எல்லாருக்கும் தெரியும், ஜேன் குடால் 1960ல கோம்பேல அத பாத்துட்டு சொன்னதுல இருந்துதான் கருவி செய்யறது மனுஷன் மட்டும்தான்ங்கற பேச்சே அடிபட்டுப் போச்சு. ஆனா கிபாலே சிம்பன்சிங்க கறையான் புடிக்கறதில்ல. கல்ல வச்சு கொட்டைய உடைக்கறத பாக்கணும்னா மேற்கு ஆப்பிரிக்கா போகணும், ஐவரி கோஸ்டோட தாய் காடு, கினியாவோட போசூ. செனகல் ஃபொங்கோலி சிம்பன்சிங்க குச்சிய பல்லால சீவி மரப் பொந்துக்குள்ள குத்தி சின்ன குட்டித்தேவாங்கு மாதிரி ஒரு பிராணிய வேட்டையாடும், வெயில் தாங்காம குகைல போய் உக்காந்துக்கும், தண்ணில ஊறும். கன்யாவாராலயும் புடோங்கோங்கற இன்னொரு காட்டுலயும் ஒரு சோதனை பண்ணாங்க, மரத்துண்டுல ஓட்ட போட்டு தேன ஊத்தி வச்சாங்க. கன்யாவாரா சிம்பன்சி குச்சிய விட்டு எடுத்துச்சு, புடோங்கோ சிம்பன்சி இலைய மென்னு பஞ்சாக்கி முக்கி எடுத்துச்சு. ரெண்டும் உகாண்டாதான். கன்யாவாராவுல குட்டிப் பொண்ணுங்க ஒரு கட்டைய குழந்தை மாதிரி தூக்கிட்டு திரியறத நிறைய தடவை பதிவு பண்ணியிருக்காங்க, அத கண்ணால பாத்தா நீங்க ரொம்ப லக்கி.

பாத்தா பயமா இருக்கும்போது

பவுசு காட்டற ஆண் சில நேரம் உங்க பக்கம் நேரா ஓடி வரும். ஓடாதீங்க. கத்தாதீங்க. ரேஞ்சர் பக்கத்துல ஒண்ணா நெருங்கி நில்லுங்க, மரம் இருந்தா அத ஒட்டி நில்லுங்க, பாதைய விட்டு ஒதுங்குங்க. பழகின கூட்டத்துல அது உங்கள அடிக்கறதுக்கு வர்றதில்ல, பாதைல நீங்க நிக்கறீங்க, பக்கத்துல இருக்கறவனுக்கு பலத்த காட்டணும், ரெண்டும் சேந்து வர்றது. உறுத்து பாக்காதீங்க, பல்ல காட்டி சிரிக்காதீங்க. பத்து மீட்டருக்குள்ள அதுவா வந்தா நீங்க மெதுவா பின்வாங்கணும், செல்ஃபிக்கு இதுதான் நேரம்னு நிக்கக் கூடாது.

அடிதடி எல்லாம் ஷோ மட்டும்னு நெனச்சுடவும் வேணாம், சிம்பன்சி வாழ்க்கைல இருட்டான பக்கமும் இருக்கு. பழம்தான் முக்கிய சாப்பாடு, ஆனா சிவப்பு கோலோபஸ் குரங்க கூட்டமா வேட்டையாடும், கறிய கிழிச்சு கூட்டாளிக்குப் பங்கு குடுக்கும், மத்தது கைய நீட்டி பிச்ச கேக்கும். என்கோகோல வேட்டையாடி வேட்டையாடியே அந்தக் கோலோபஸ் எண்ணிக்கை படுத்துப் போச்சு. வேட்டைய நேர்ல பாத்தா மனசு கெட்டுப் போற ஆளுன்னா முன்கூட்டியே ரேஞ்சர்கிட்ட சொல்லிடுங்க. எல்லைக்குப் போகும்போது பாத்தா இன்னும் விசித்திரம், எப்பவும் கத்திக்கிட்டே திரியற ஆணுங்க ஒரே வரிசைல ஒரு சத்தமும் இல்லாம நடக்கும், நின்னு நின்னு கேக்கும், மோந்து பாக்கும். பக்கத்து கூட்டத்து ஆளு தனியா மாட்டினா அடிச்சே கொன்னுடும். என்கோகோ கூட்டம் பத்து வருஷமா இப்படி பக்கத்து கூட்டத்தோட ஆளுங்கள கொன்னு, 2009ல அந்த எடத்துக்குள்ள நுழஞ்சு தன்னோட பரப்ப 22 சதவீதம் பெருசாக்கிக்கிச்சு. அதுக்கப்புறம் அந்தப் பெருங்கூட்டமே ரெண்டா பிரிஞ்சு, ஒண்ணா பேன் பாத்துக்கிட்டிருந்ததுங்க ஒண்ண ஒண்ணு கொல்ல ஆரம்பிச்சுதுங்க. கோம்பேலயும் 1974ல இருந்து 1978 வரைக்கும் இதே மாதிரி ஒரு கூட்டம் உடைஞ்சு ஒரு பாதி இன்னொரு பாதிய அழிச்சிடுச்சு. சிம்பன்சி பாசமான சாது மிருகம்னு எழுதறவங்க பாதிய மறைக்கறாங்க, கொடூர மிருகம்னு எழுதறவங்க இன்னொரு பாதிய.

பாக்கும்போது சிலதுக்கு கை விரல் இல்லாம, மணிக்கட்டோட கை இல்லாம இருக்கறத கவனிப்பீங்க. அது சண்டைல போனது இல்ல. காட்டுப் பன்றி, சின்ன மான் புடிக்க வச்ச கம்பிக் கண்ணில மாட்டினது. கண்ணி சிம்பன்சிக்காக வச்சது கெடையாது, ஆனா கம்பி இறுகினா கை அழுகி விழுந்துடும். கிபாலேல 1997ல இருந்தே கண்ணி பொறுக்கறதுக்குன்னு தனி ஆளுங்க சுத்தறாங்க. ஒத்தக் கையோட மரம் ஏறறதும் கூடு போடறதும் பாத்தா ஆச்சரியமா இருக்கும்.

படம் எடுக்கறவங்களுக்கு

மொத இருபது நிமிஷம் கேமராவ தொடாதீங்க, யாரு யாருன்னு பாருங்க, அப்புறம் எடுங்க. எதுக்கு எடுக்கறோம்னு தெரிஞ்சு எடுத்த பத்து படம் சும்மா எடுத்த முன்னூறு படத்த விட மேல. ஃப்ளாஷ் கூடாது, ஃபோன்ல ஆட்டோ ஃப்ளாஷ் ஆஃபா இருக்கான்னு காட்டுக்கு வெளியவே பாத்துடுங்க. காட்டுக்குள்ள இருட்டு, உருவமும் கறுப்பு, பின்னாடி வானம் வெளிச்சம், கேமரா ஏமாந்து நெழலா எடுக்கும், அதனால எக்ஸ்போஷர ஒரு படி ரெண்டு படி ஏத்தி வச்சுக்கோங்க, ஐஎஸ்ஓவ தாராளமா ஏத்துங்க. பெரிய லென்ஸ் இல்லன்னா பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க, ஃபோன் ஜூம விட ஆயிரம் மடங்கு மேல.

ஒரு மணி நேரம் பத்தாதுன்னு தோணினா, கன்யாஞ்சுலயே நாள் முழுக்க கூட சுத்தற மாதிரி ஒரு பெர்மிட் தனியா இருக்கு. மனுஷனுக்கு இன்னும் முழுசா பழகாத கூட்டத்தோட, காலைல மரத்து மேல இருக்கற கூட்டுலேருந்து இறங்கறதுல இருந்து சாயந்தரம் கூடு கட்டறது வரைக்கும். கால் நல்லா இருக்கணும், அதுங்க ஒரு நாளைக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் நடக்கும், நேர் பாதைல இல்ல. பழகறதுக்கு வருஷக்கணக்கு ஆகும், அதனால ஓடி ஒளிஞ்சா கோச்சுக்காதீங்க. இதுக்கு மேல நடக்க முடியாத பெரியவங்க, சின்னப் பசங்க கூட இருந்தா காட்டுக்கு இழுத்துட்டுப் போக வேணாம், விக்டோரியா ஏரில என்கம்பா தீவுன்னு அனாதை சிம்பன்சிகளுக்கான காப்பகம் 1998ல இருந்து இருக்கு, மேடைல இருந்து சாப்பாடு குடுக்கறத பாக்கலாம். அது காட்டு வாழ்க்கை இல்ல, ஆனா முடி சிலிர்க்கறது, முனகறது எல்லாம் அங்கயும் பாக்கலாம்.

கிபாலேல காலைல சிம்பன்சி முடிச்சா மதியம் ரூமுக்குப் போய் படுத்துடாதீங்க. பக்கத்துல பிகோடின்னு ஒரு கிராமம், அங்க இருக்கற சதுப்பு நிலத்த 1992ல இருந்து ஊர்க்காரங்களே சேந்து பாத்துக்கறாங்க, டிக்கெட் காசு ஊருக்கே போகுது. மூணு மணி நேர நடை. சிம்பன்சி வேட்டையாடற அதே சிவப்பு கோலோபஸ், கறுப்பு வெள்ள கோலோபஸ், மூக்குல வெள்ளப் பொட்டு வச்ச செவ்வால் குரங்கு எல்லாம் கிட்டத்துல தெரியும், நீலமா பெருசா டுராக்கோன்னு ஒரு பறவை இருக்கு, அத காட்டச் சொல்லி கைடுகிட்ட கேளுங்க. பூட்ஸ் அங்கயே வாடகைக்குக் குடுப்பாங்க.